வின்சர் மெக்கேயின் முற்காலப் பணியும் இயங்கு சித்திரக் கலையின் தோற்றமும்

1. முன்னுரை

ஒரு கலையின் தோற்றத்தை ஆராய்வார் முதற்கண் எழுப்பும் வினா, ‘இதனை முதலில் செய்தவர் யார்?’ என்பதாகும். காலத்தால் முந்திய ஒன்றைக் கண்டவுடன் ஆராய்ச்சி முற்றுப்பெற்றது என்று அமைவாரும் உளர். ஆயினும், காலத்தால் முந்தியிருத்தல் வேறு. கலையை நிலைநிறுத்துதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் வரலாற்றில் நேரும் குழப்பங்கள் பல. இவ்வேறுபாட்டை விளக்குதற்கு ஏற்ற சான்றுகளுள் ஒன்று, அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கேயின் வாழ்க்கை.

மக்கள் வழக்கில் ‘கார்ட்டூன் படம்’ எனப்படும் இயங்கு சித்திரத்தைத் தோற்றுவித்தவர் தாமே என்று மெக்கே விளம்பரப்படுத்தினார். அவ்வுரை காலமுறைக்கு ஒத்ததன்று. பிரான்சு நாட்டு எமில் ரெய்னோ, கையால் வண்ணந்தீட்டிய படச்சுருள்களை ஒளியின் துணையால் திரையில் இயங்கச் செய்து, பாரிசு நகரில் 1892-ஆம் ஆண்டிலேயே மக்களுக்குக் காட்டினார். அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பிளாக்டன் 1906-இல் கரும்பலகையில் வரைந்த முகங்களை அசையும் படமாக்கினார். எமில் கோல் 1908-இல் ஏறத்தாழ 700 வரைபடங்களைக் கொண்டு ‘ஃபான்டாஸ்மகோரி’ என்னும் குறும்படத்தை இயற்றினார். மெக்கேயின் முதற்படம் வெளிவந்ததோ 1911-இல். ஆகவே, அவரைக் காலத்தால் முதல்வர் எனல் பொருந்தாது.

அங்ஙனமாயின், இக்கலையின் வரலாற்றை எழுதுவோர் மெக்கேயைத் தனித்து நிறுத்திப் பேசுவது ஏன்? அதற்குரிய விடை அவர்தம் திரைப்படங்களில் மட்டும் இல்லை. அவற்றிற்கு முன் கழிந்த இருபத்திரண்டு ஆண்டுக் கால உழைப்பில் இருக்கின்றது. சந்தைக் காட்சிசாலை, சுவரொட்டி அச்சகம், செய்தித்தாள், பல்சுவை மேடை ஆகிய நான்கிடத்தும் அவர் பெற்ற பயிற்சியே, எழுதப்பட்ட உருவினை நடிக்கவல்ல உருவாக ஆக்கிற்று என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பிறப்பும் இளமையும்

மெக்கேயின் பிறப்பாண்டு பற்றி மூவேறு செய்திகள் உள்ளன. மிச்சிகன் மாநிலத்து ஸ்பிரிங் லேக் என்னும் ஊரில் 1871-இல் பிறந்ததாக அவர் கூறினார். அவருடைய கல்லறைக் கல் 1869 என்கின்றது. மக்கள்தொகைக் கணக்கேடுகளோ 1867-இல் கனடாவிற் பிறந்தவர் எனக் குறிக்கின்றன. கணக்கேட்டில் பதிவானது அவர் புகழ்பெறுதற்கு முன்; தாமே கூறியது புகழ்பெற்ற பின். புகழ்பெற்றோர் தம்மை இளையராகக் காட்டிக்கொள்ளுதல் உலகியல்பு. ஆதலின், கணக்கேட்டின் சான்று வலிமையுடையதெனக் கொள்ளலாம். தம் பிறப்பைப் பற்றிய அவரது கூற்றையே ஆராய்ந்து கொள்ள வேண்டியிருக்க, கலையின் பிறப்பைப் பற்றிய கூற்றை ஆராயாது கொள்ளுதல் எங்ஙனம்?

தந்தையார் மகனை வணிகம் பயிலுமாறு 1886-இல் இப்சிலாண்டி நகரக் கல்லூரி ஒன்றிற்கு அனுப்பினார். மகனோ வகுப்புக்குச் செல்வதை விட்டு, அண்மையிலிருந்த டெட்ராயிட் நகரத்துப் பத்துக்காசுக் காட்சிசாலையில் வருவோர் போவோரின் உருவத்தை வரைந்து விற்றுவந்தார். படமொன்றின் விலை 25 சென்ட். பத்துக்காசுக் காட்சிசாலை என்பது, சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு விந்தை மாந்தரையும் விந்தைப் பொருள்களையும் காட்டிய பொதுமக்கள் பொழுதுபோக்கிடம். நிற்பவர் நகருமுன் அவர் முகத்தைத் தாளிற் பிடிக்க வேண்டிய அவ்விடத்தில், விரைவும் நினைவாற்றலும் மெக்கேக்குக் கைவந்தன.

அக்காலத்தே அவர்க்கு வாய்த்த ஒரே முறையான ஆசிரியர் ஜான் குடிசன் ஆவார். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் புவியியலும் ஓவியமும் கற்பித்த அவர், முன்னர் வண்ணக் கண்ணாடித் தொழில் செய்தவர். கூம்பு, உருளை, கனசதுரம் முதலிய வடிவங்களை உற்றுநோக்கி, அண்மையும் சேய்மையும் தோன்ற வரையும் முறையை அவர் பயிற்றினார். எக்கோணத்தினின்று நோக்கினும் பொருளின் திண்மை பிழைபடாமல் வரையும் ஆற்றல் மெக்கேயின் படைப்புகள் அனைத்திலும் காணப்படுவதற்கு வித்து இதுவேயாம்.

3. அச்சகமும் செய்தித்தாளும்

1889-இல் சிக்காகோ சென்ற மெக்கே, சர்க்கஸ் குழுக்களுக்கும் நாடகக் குழுக்களுக்கும் சுவரொட்டி அச்சிட்ட நிறுவனத்தில் பணிபுரிந்தார். 1891-இல் சின்சினாட்டி நகரம் சார்ந்து, அங்கும் ஒரு காட்சிசாலைக்கு விளம்பர ஓவியம் தீட்டினார். சர்க்கஸ் சுவரொட்டிக்குச் சில இயல்புகள் உண்டு. தொலைவிலிருந்து நோக்குவார்க்கும் உருவம் விளங்க வேண்டும். யானையும் புலியும் கழைக்கூத்தரும் அசைவின் நடுவே நிற்பனபோல் தோன்ற வேண்டும். தெளிந்த புறக்கோடும் பெரிய அளவும் அசைவுத் தோற்றமும் இவ்வழி அவருக்கு இயல்பாயின. பின்னாளில் அவர் படைத்த பெருவிலங்கு, சர்க்கஸ் விலங்குபோல ஆட்டுவிப்பவனின் சொற்கேட்டு ஆடியது தற்செயலன்று என்க.

பின்னர் அவர் சின்சினாட்டி ‘கமர்சியல் டிரிபியூன்’ இதழிலும், 1900 முதல் ‘என்குவயரர்’ இதழிலும் செய்தி ஓவியராக அமர்ந்தார். ஒளிப்படங்கள் நாளிதழ்களில் பெருகாத அக்காலத்தில், தீவிபத்தையும் வழக்குமன்றத்தையும் ஓவியரே நேரிற் கண்டு வரைந்து தரவேண்டியிருந்தது. 1903-இல் அவர் வரைந்த முதல் நெடுந்தொடர், காட்டு விலங்குகள் தத்தம் உறுப்புகளை எங்ஙனம் பெற்றன எனக் கற்பனையாகக் கூறுவது. ஓர் உருவம் படிப்படியாக மற்றோர் உருவமாக மாறுதல் என்னும் பொருள் அவர் கையில் முதன்முதல் தொடராக அமைந்தது இங்கேதான்.

இத்தொடரில் ஒரு குறை உண்டு. அதனை மறைத்தல் ஆராய்ச்சி நெறியன்று. விலங்குகளைத் துன்புறுத்துவோராக இதில் வரும் கறுப்பினச் சிறுவர்கள், அக்கால அமெரிக்க இதழ்களில் மலிந்திருந்த இழிவுபடுத்தும் வகையிலேயே வரையப்பட்டுள்ளனர். அவ்வகை உருவம் ஒன்று அவருடைய பிற்காலத் தொடரிலும், 1911-ஆம் ஆண்டுப் படத்திலும் இடம்பெற்றது. கலைநுட்பம் உயர்ந்திருந்த கையே காலத்தின் சிறுமையையும் சுமந்தது என்பதையும் சேர்த்தே மதிப்பிடல் வேண்டும்.

4. கட்டங்களில் அமைந்த காலம்

1903-இன் இறுதியில் மெக்கே ‘நியூயார்க் ஹெரால்டு’ நிறுவனத்தைச் சார்ந்தார். அங்கு அவர் தொடங்கிய மூன்று தொடர்கள் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதவை.

முதலாவது, 1904-இல் தொடங்கிய ‘லிட்டில் சாமி ஸ்னீஸ்’. இதன் கதை மிகச் சிறிது. சிறுவன் ஒருவனுக்குத் தும்மல் வருகின்றது, வாய் சிறிது திறக்கின்றது, மேலும் திறக்கின்றது, இறுதியில் தும்மல் வெடித்துச் சுற்றியுள்ளன அனைத்தும் சிதறுகின்றன. ஒவ்வொரு கிழமையும் இதுவே நிகழும். கதையில் புதுமை இல்லை. ஆயின் அமைப்பில் பெரும்புதுமை உண்டு. கட்டந்தோறும் நோக்கிடம் மாறுவதில்லை, பின்னணி மாறுவதில்லை, சிறுவனின் முகமும் சுற்றத்தாரின் அசைவுகளும் மட்டுமே சிறிது சிறிதாக மாறுகின்றன. ஒரு செயலைச் சம இடைவெளிகளாகப் பகுத்து நிறுத்திக் காட்டும் இம்முறைக்கும் திரைப்படச் சுருளின் முறைக்கும் அளவில்தான் வேறுபாடு, தன்மையில் வேறுபாடில்லை. 1905-ஆம் ஆண்டுத் தாள் ஒன்றில் அச்சிறுவனின் தும்மல் கட்டத்தின் சட்டத்தையே உடைத்து வீழ்த்துகின்றது. தாளின் எல்லை தம் கருத்துக்குப் போதவில்லை என்பதை ஓவியரே உணர்ந்திருந்தார் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது, அதே ஆண்டில் ‘சைலஸ்’ என்னும் புனைபெயரில் ‘ஈவினிங் டெலிகிராம்’ இதழில் வரைந்த ‘டிரீம் ஆஃப் தி ரேர்பிட் ஃபீண்ட்’. உருக்கிய பாலாடைக்கட்டி ஊற்றிய ரொட்டியை இரவில் மிகுதியாக உண்டவர் காணும் தீக்கனவுகளே இதன் பொருள். முதலைத்தோலாற் செய்த கைப்பை மெல்ல மெல்ல முதலையாகவே மாறுகின்றது. தன்னைப் புதைக்கும் காட்சியைப் புதைகுழியிலிருந்தே ஒருவன் காண்கின்றான். இறுதிக் கட்டத்தில் கனவு கலையும். இத்தொடரைத் தழுவி எட்வின் போர்ட்டர் 1906-இல் நடிகரைக்கொண்டு ஒரு தந்திரப்படம் எடுத்தார். மெக்கே திரைப்படத்தை நாடுமுன்னரே திரைப்படம் மெக்கேயை நாடி வந்தது எனலாம்.

மூன்றாவது, 1905 அக்டோபர் 15-இல் தொடங்கிய ‘லிட்டில் நெமோ இன் ஸ்லம்பர்லேண்டு’. உறங்கும் சிறுவன் கனவுலகில் உலாவி, இறுதியில் கட்டிலிலிருந்து விழுந்து விழித்தெழுவது இதன் நிலையான அமைப்பு. 1908 சூலைத் தாள் ஒன்றில் சிறுவனின் கட்டில் கால் நீண்டு நடக்கத் தொடங்கி, நகரத்து மாடங்களைத் தாண்டிச் செல்கின்றது. கால் நீள நீளக் கட்டங்களும் நீண்டுகொண்டே போகின்றன. இடத்தின் அளவைக் கொண்டு காலத்தின் ஓட்டத்தைக் காட்டுதல் இங்கு முழுமை பெறுகின்றது. எனவே, 1911-இல் புதிதாகத் தோன்றியதாகக் கருதப்படும் நுட்பங்களுட் பல, அதற்கு ஆறேழு ஆண்டு முன்னரே மெக்கேயின் தாளில் அமைந்துவிட்டன என்பது தெளிவு. இல்லாதது ஒன்றே: உண்மையான அசைவு.

5. மேடைப் பயிற்சி

1906 சூன் மாதம் மெக்கே ‘வாட்வில்’ எனப்படும் பல்சுவை மேடையில் தோன்றினார். கிழமைக்கு 500 டாலர் ஊதியம். 15 நிமிடத்தில் 25 சித்திரங்கள் வரைதல் வேண்டும். இசைக்குழு உடன் இசைக்கும். அவர் நிகழ்த்தியவற்றுள் புகழ்பெற்றது, மனிதனின் ஏழு பருவங்கள் என்னும் காட்சி. இரண்டு முகங்களை வரைந்து, அவற்றின்மேற் கோடுகளைச் சேர்த்தும் மாற்றியும், குழவிப் பருவம் முதல் முதுமை வரை அவையோர் கண்ணெதிரே வளர்த்துக் காட்டினார்.

தாளில் வரைபவர் படிப்போரைக் காண்பதில்லை. மேடையில் வரைபவரோ அவையின் நகையையும் வியப்பையும் நொடிதோறும் உணர்கின்றார். எங்கு விரைதல் வேண்டும், எங்கு நிறுத்தல் வேண்டும், எதனை ஒளித்து வைத்துப் பின்னர் வெளிப்படுத்தல் வேண்டும் என்னும் காலவறிவு இங்கேதான் வாய்க்கும். பிளாக்டனும் செய்தித்தாள் ஓவியராகவும் மேடையில் விரைந்து வரைபவராகவும் இருந்தவரே. கோல் நெடுங்காலம் கேலிச்சித்திரக்காரராக வாழ்ந்தவர். ஆதலின், இயங்கு சித்திரம் ஒளிப்படக் கருவியின் குழந்தை மட்டுமன்று. தூரிகைக்கும் செய்தித்தாளுக்கும் மேடைக்கும் உரிய குழந்தையுமாகும்.

6. முதற்படம்

தம் மகன் கொணர்ந்த, விரைந்து புரட்டினால் உருவம் அசைவதுபோல் தோன்றும் சிறு படநூல்களைக் கண்டு இம்முயற்சியில் இறங்கியதாக மெக்கே கூறினார். பிளாக்டனின் வைட்டகிராப் நிறுவனத்தில் ஒளிப்பதிவு செய்யப்பெற்ற முதற்படம் 1911 ஏப்பிரலில் வெளிவந்தது. இதற்கென அவர் மெல்லிய அரிசித்தாளில் வரைந்த படங்கள் ஏறத்தாழ 4,000. ஊமைப்படக் காலத்தில் நொடிக்குப் பதினாறு படம் என்பது பொதுவான கணக்கு. அக்கணக்கின்படி 4,000 படங்களும் நான்கு நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் ஓடி மறையும். பெரும்பொழுது உழைத்ததைச் சிறுபொழுதில் காட்டும் கலை இது.

இப்படத்திற்குக் கதையென ஒன்றில்லை. நெமோ தொடரின் மாந்தர் தோன்றுகின்றனர். கண்ணாடியிற் காணும் உருவம்போல் நீண்டும் குறுகியும் வளைகின்றனர். நெமோ தானே இளவரசியை வரைய, அவள் உயிர்பெறுகின்றாள். இருவரும் நாகத்தேரில் ஏறிச் செல்கின்றனர். மெக்கே சுருளின் ஒவ்வொரு படத்திற்கும் கையால் வண்ணமும் தீட்டுவித்தார். கோலின் கோட்டுருவங்கள் உடலற்றவை. கணந்தோறும் ஒன்று மற்றொன்றாகி மறைபவை. மெக்கேயின் உருவங்களோ கனமும் பருமையும் உடையவை. திரும்பினால் முதுகும் தெரிபவை. குடிசன் கற்பித்த கனவடிவப் பாடத்தின் பயனை இங்கே காண்கின்றோம்.

அடுத்த படம் 1912-இல் வெளிவந்த கொசுவின் கதை. உயர்ந்த தொப்பியணிந்த கொசு ஒன்று, உறங்குவான் ஒருவனின் குருதியை அளவின்றி உறிஞ்சி, உடல் பருத்து, இறுதியில் வெடித்துப் போகின்றது. ‘ரேர்பிட்’ தொடரின் தாள் ஒன்றே இதற்கு மூலம். முதற்படத்திலில்லாத ஒன்று இதில் உண்டு: ஆசையும் அதன் முடிவும். வரைந்த உருவத்திற்கு நோக்கம் என ஒன்று அமைந்தவுடன், காட்சி கதையாகிவிடுகின்றது.

7. கெர்ட்டி

இவ்விரு படங்களையும் கண்டோர் பலர், அவை வரையப்பட்டவை என்பதை நம்பவில்லை. முதற்படத்தில் வேடமிட்ட நடிகர் தோன்றினர் என்றும், கொசு கம்பியால் ஆட்டப்பட்ட பொம்மை என்றும் கருதினர். இவ்வையத்தை அறவே நீக்குதற்கு மெக்கே தெரிந்தெடுத்த வழி நுண்ணியது. உலகில் எங்கும் உயிரோடு இல்லாத விலங்கொன்றை அவர் தெரிந்துகொண்டார். நியூயார்க் இயற்கை வரலாற்றுக் காட்சியகத்தில் 1905-இல் பேருருப் பல்லியின் எலும்புக்கூடு நிறுத்தப்பெற்று மக்கள் உள்ளத்தைக் கவர்ந்திருந்தது. அவ்வினத்தைச் சார்ந்த விலங்கிற்குக் ‘கெர்ட்டி’ எனப் பெயரிட்டார்.

படங்களின் தொகை ஏறத்தாழ 10,000 என்பர். பின்னணியைத் தாள்தோறும் பார்த்தெழுத ஜான் ஃபிட்சிம்மன்ஸ் என்னும் இளைஞர் துணைநின்றார். விலங்கின் உருவத்தை மெக்கேயே வரைந்தார். தாள்கள் பிறழாமைப் பொருட்டு மூலைகளில் சிலுவைக் குறிகள் இடப்பெற்றன. ஓர் அசைவின் தொடக்க நிலையையும் இறுதி நிலையையும் முதலில் வரைந்து, பின் அவற்றின் நடுநிலையை வரைந்து, மீண்டும் ஒவ்வொரு பாதியின் நடுவையும் வரைந்து நிரப்பும் பகுப்பு முறையை அவர் கையாண்டார். மூச்சுவிடுதல் போன்று மீண்டும் மீண்டும் நிகழும் அசைவுகளுக்கு ஒரே தாள்வரிசையைத் திரும்பப் பயன்படுத்தினார். அம்மூச்சின் அளவை அறியத் தம் மூச்சையே கடிகாரம் கொண்டு அளந்தார் என்பதும் அறியத்தக்கது.

1914 பெப்ரவரியில் சிக்காகோ மேடையில் இப்படம் முதலில் காட்டப்பெற்றது. கையிற் சவுக்கேந்தி மெக்கே திரையருகே நிற்பார், அழைத்தவுடன் கெர்ட்டி நாணத்துடன் பாறைக்குப் பின்னிருந்து தலைநீட்டும், ஆடும், சிலபோது பணிய மறுக்கும், கடிந்துரைத்தால் கண்ணீர் விடும். மெக்கே பழமொன்றை எறிவதுபோற் காட்டத் திரையிலுள்ள விலங்கு அதனைக் கவ்வும். இறுதியில் அவர் திரைக்குப் பின் மறைய, அவருடைய வரைந்த உருவம் திரையில் தோன்றி விலங்கின்மேல் ஏறிச் செல்லும்.

உள்ளத்து நிகழ்வது உடல்வழிப் புலப்படுதலை நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியர் அதற்கெனத் தனியோர் இயல் வகுத்தார். அவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், மெக்கேக்கு முற்பட்ட வரைபடங்களில் அசைவு உண்டு, மெய்ப்பாடு அரிது. கெர்ட்டியிடத்து அழுகையும் பெருமிதமும் வெகுளியும் ஒரே உயிரின் இயல்பாக இயைந்து நிற்கின்றன. காண்போர் கோடுகளை மறந்து, கடிந்துகொள்ளப்பட்ட ஓர் உயிருக்காக இரங்குகின்றனர். இயங்கு சித்திரம் நடிப்புக் கலையாகியது இங்கேயாம். காட்சிசாலை, சர்க்கஸ், தாள், மேடை என்னும் நான்கின் பயிற்சியும் இவ்வொரு படைப்பிற் கூடியிருத்தலும் காண்க.

8. முறையும் உரிமையும்

மெக்கே தம் முறைகளுக்குக் காப்புரிமை பெறவில்லை. கேட்டோர்க்கெல்லாம் மறையாது உரைத்தார். இதழாளர் எனக் கூறிக்கொண்டு வந்த ஜான் பிரே என்பவர் அவற்றைக் கேட்டறிந்தார் என்பர். பிரே தாமும் 1913-இல் படமியற்றியவர், திறமையுடையவர், பின்னணியை அச்சிட்டு உழைப்பைக் குறைத்தவர். அவர் 1914-இல் காப்புரிமை பெற்று, அதன் வலிமையால் மெக்கேயின்மீதே வழக்குத் தொடுத்தார். வழக்கு வெற்றிபெறவில்லை, மெக்கேக்கே சில காலம் உரிமைப்பணம் செலுத்த நேர்ந்தது.

இதனைத் தனிமனிதர் இருவர்தம் பூசல் என மட்டும் கொள்ளுதல் போதாது. இக்கலை தோன்றிய சில ஆண்டுக்குள்ளேயே இரண்டு நெறிகள் பிரிந்தமைக்கு இது அடையாளம். ஒன்று, ஒருவர் கையே பெரும்பகுதி வரைந்து முடிக்கும் நெறி. மற்றொன்று, பலர் கூடிப் பகுதி பகுதியாகச் செய்து விரைந்து வெளியிடும் தொழிற்கூட நெறி. 1911-இல் மெக்கே ஹெர்ஸ்ட் செய்தித்தாள் நிறுவனத்தைச் சேர்ந்திருந்தார். ஆசிரியவுரைக்குப் படம் வரைதலே தலையாய கடன் எனக் கொண்ட அந்நிறுவனம், அவருடைய மேடைப் பயணங்களைச் சுருக்கிற்று. 1915-இல் நிகழ்ந்த லூசிட்டானியா கப்பலழிவை அவர் ஓய்வுநேரங்களில் 22 மாதம் வரைந்து 1918-இல் வெளியிட்டார். அதற்குள் தொழிற்கூடங்கள் தொடர்ந்து பல படங்களை வெளியிட்டுவிட்டன. 1934-இல் அவர் மறைந்தார்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். மெக்கே இயங்கு சித்திரத்தைக் காலத்தால் முதலில் செய்தவர் அல்லர். அவர்தம் விளம்பரம் இப்பொருளிற் சான்றாகாது. அவருடைய திரைநுட்பங்கள் 1911-இல் திடீரெனத் தோன்றியன அல்ல; 1889 முதற்கொண்டு சந்தையிலும் அச்சகத்திலும் இதழிலும் மேடையிலும் பயின்றவற்றின் விளைவே. வரைந்த உருவத்திற்குக் கனமும் இயல்பும் உள்ளமும் தந்தமையே அவரது உண்மையான முதன்மை.

தொழிற்கூட நெறி வென்றது என்பது உண்மை. ஆயினும், அத்தொழிற்கூடங்களில் அசைவின் எல்லைநிலைகளை முதலில் வரைந்து இடைநிலைகளைப் பின் நிரப்பிய முறை, மெக்கே கெர்ட்டிக்காகக் கையாண்டு, விலைபேசாது பிறர்க்கு உரைத்த முறையேயாகும். நூற்றாண்டு கடந்த பின்னும் கணிப்பொறியில் உருவங்களை அசைப்போர் அவ்வடிப்படையை விட்டிலர். காலத்தால் முந்தியவர் யார் என்னும் வினாவிற்கு ஆண்டுக்கணக்கே விடை தந்துவிடும். ஒரு கலையில் எவருடைய வழி பின்னும் நடக்கப்படுகின்றது என்னும் வினாவிற்கோ, அவர் கற்ற இடங்களையும் பட்ட உழைப்பையும் ஒருசேர ஆராய்ந்தே விடை காணல் வேண்டும்.